அவுஸ்திரேலியக் குடும்ப வரலாறும் அதன் ஆதாரங்களும்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பர் பெரியோர். அவுஸ்திரேலியக் குடும்பங்கள் பல நெடுங்காலம் இம்முதுமொழிக்கு இணங்கவே ஒழுகின எனலாம். 1788ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தேசாதிபதி ஆதர் பிலிப்பின் தலைமையில் 11 கப்பல்கள் வந்தடைந்தது முதல், 1868இல் கடைசிக் கைதிக் கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவை அடைந்தது வரை, ஏறத்தாழ 1,60,000 குற்றவாளிகள் அந்நாட்டிற்குக் கடத்தப்பட்டனர். இவர்தம் வழித்தோன்றல்களுட் பலர் அப்பிறப்பைக் களங்கமெனக் கருதி மறைத்தனர். வான் டீமன் நாடு என்றழைக்கப்பட்ட தீவு, கைதிகளை அனுப்பும் வழக்கம் 1853இல் ஒழிந்தபின், 1856இல் தாஸ்மேனியா எனப் பெயர் பூண்டது. பழைய பெயரோடு ஒட்டியிருந்த பழியைத் துடைத்தலும் அம்மாற்றத்தின் நோக்கங்களுள் ஒன்றாம்.

ஆயின், வீடு மறைத்ததை அரசாங்கத்தின் ஏடு மறைக்கவில்லை. கைதியின் உயரம், கண்ணின் நிறம், பச்சை குத்திய குறி, பிறந்த ஊர், தொழில், செய்த குற்றம், பெற்ற தண்டனை ஆகிய யாவும் பதிவேடுகளில் எழுதப்பட்டன. தப்பியோடுவோனைப் பிடித்தற்பொருட்டு எழுதப்பட்ட இக்குறிப்புக்களே இன்று அவன் சந்ததியார்க்கு அவனது உருவப்படமாய் உதவுகின்றன. நேர்மையாய் வாழ்ந்து சொந்த ஊரிலேயே மடிந்த ஏழைக் கூலியாளுக்குத் தேவாலய ஏட்டில் இரண்டொரு வரிகளே எஞ்ச, குற்றவாளிக்கோ முழுச் சரிதமே எஞ்சியது விந்தையன்றோ! அவுஸ்திரேலியக் கைதிப் பதிவேடுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன.

அடுத்துக் கருதத்தக்கன பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளாம். அரசாங்கப் பதிவுமுறை தாஸ்மேனியாவில் 1838இலும், விக்ரோறியாவில் 1853இலும், நியூ சவுத் வேல்சில் 1856இலும் தொடங்கிற்று. விக்ரோறியாவின் மரணப் பத்திரம் இறந்தவரின் பெற்றோர், பிறப்பிடம், குடியேற்ற நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள், விவாகம், பிள்ளைகள் ஆகியவற்றையும் கூறும். எனினும், அவ்விவரங்களைக் கூறியவர் இறந்தவரல்லர்; மகனோ அயலவரோ தாம் அறிந்த அளவே கூறினர். மறைக்கப்பட்ட பிறப்பு ஈண்டும் மறைந்தே நிற்றல் கூடும். ஆதலின், ஒரு பத்திரத்தைக் கப்பற்பட்டியல், காணிப்பதிவு, ஊர்ப்பத்திரிகை என்பவற்றோடு ஒப்புநோக்கியே முடிவு காணல் வேண்டும். பழைய பத்திரிகைகளைத் தேசிய நூல்நிலையம் 2009 முதல் ‘ட்ரோவ்’ என்னும் இணையத் தளத்தின் வாயிலாக வழங்கி வருகிறது.

குடிசன மதிப்பைப் பெரிதும் நம்புதற்கில்லை. நியூ சவுத் வேல்சின் 1828ஆம் ஆண்டு மதிப்பு பெயர்களோடு எஞ்சியுள்ளது. 1881ஆம் ஆண்டினது மறு ஆண்டிலேயே சிட்னிப் பூங்கா மாளிகைத் தீக்கு இரையாயிற்று. 1911 முதல் பொதுநலவாய அரசாங்கம் எடுத்த மதிப்புக்களின் பெயர் விவரங்கள், மக்களின் அந்தரங்கம் கருதி அழிக்கப்பட்டு வந்தன. இசைந்தோர் விவரங்களை 99 ஆண்டுகள் காத்து வைக்கும் முறை 2001இலேயே வந்தது.

ஏட்டில் இடம்பெறாத, அன்றிப் பிறரால் மாத்திரம் எழுதப்பட்ட ஆதிக்குடிகளின் நிலை வேறு. அரசாங்கத்தாற் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட அவர்தம் பிள்ளைகள் பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளிவந்தது. அப்பிள்ளைகளுக்குக் குடும்ப ஆராய்ச்சி பொழுதுபோக்கன்று. தாயைத் தேடும் முயற்சியாம். தொறஸ் நீரிணையிலுள்ள மறே தீவினர் எடி மாபோவுடன் நின்று தொடுத்த வழக்கில், காணி தலைமுறை தலைமுறையாய் இறங்கிய முறையை வாய்மொழிச் சாட்சியமாகக் கூறினர். 1992இல் உயர் நீதிமன்றம் அம்மக்களின் நிலவுரிமையை ஏற்றது. ஆங்கு வமிசாவளியே உரிமைக்குச் சான்றாயிற்று.

இவற்றால், மூலத்தை ஆராய்தல் முன்னோரை இழிவுபடுத்துதலன்று என்பது புலனாம். மறைக்கப்பட்டோர்க்கும் பிரிக்கப்பட்டோர்க்கும் அவர்தம் பெயரை மீட்டுக் கொடுத்தலே அதன் பயன். நதியின் மூலத்தை அறிந்தவன் நதியை இகழான்.