திருகோணமலைக் கடலடியும் ஓர் ஒளிப்பதிவாளரும்

இலங்கைத் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் நடிகரையும் நெறியாளரையும் பற்றி விரிவாகப் பேசுவர். ஒளிப்பதிவாளரின் உழைப்பைப் பெயர்ப்பட்டியலோடு விட்டுவிடுவர். திருகோணமலையைப் பொறுத்தவரை இக்குறை வேறொரு வகையிலும் புலப்படுகின்றது. கோணேசர் கோயில் வரலாறு கூறுவோர் மைக் வில்சன் என்ற ஆங்கிலேயரைக் கடலிலிருந்து இலிங்கத்தை மீட்டவராகவே அறிவர். சிங்களத் திரைப்பட வரலாற்றினரோ அவரை முதலாவது வண்ணப்படத்தின் நெறியாளராகவே அறிவர். இரண்டும் ஒரே தொழிலின் விளைவுகளென்பது கவனிக்கப்படுவதில்லை.

அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளிடையே மூழ்கிப் படம்பிடித்த அனுபவத்துடன், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் வில்சனும் 1956இல் இலங்கை வந்தனர். அவர்களது தொழிலுக்கு ஆதாரமாயிருந்தது, கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943இல் பிரான்சில் உருவாக்கிய சுவாசக் கருவி. மன்னாரில் முத்துக் குளித்தவன் கல்லின் பாரத்தோடு இறங்கி, மூச்சடக்கிய ஓரிரு நிமிடங்களில் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும். கடலடியை நின்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவன் கூலியும் பார்ப்பதற்கு உரியதன்று. புதிய கருவியை உடையவருக்கோ கடலடி காட்சிப் பொருளாயிற்று. உழைப்பின் களம் ஓய்வின் களமாக மாறிய இம்மாற்றத்திலேதான் நீரடி ஒளிப்பதிவு என்னும் தொழில் பிறக்கின்றது.

சுவாமிமலை உச்சியிலிருந்த கோயிலை 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடிப்பித்தான். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. பல கடலுள் வீழ்ந்தன. கோயில் அழிந்த பின்னரும் மக்கள் மலைவிளிம்பில் நின்று பூசை செய்து, தேங்காயும் வெற்றிலையும் கடலில் இட்டுவந்தனர். 1950இல் கிணறு தோண்டியபோது புதையுண்ட விக்கிரகங்கள் சில வெளிப்பட்டன. வில்சனும் கிளார்க்கும் 1956இல் மலையடிவாரக் கடலில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர், இலிங்கமும் மீட்கப்பட்டது. இதனைக் 'கண்டுபிடிப்பு' என்று வழங்குவது எவ்வளவு பொருந்தும்? எங்கே தேடவேண்டும் என்பதை மூன்று நூற்றாண்டு வழிபாடு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தது. வில்சன் அளித்தது ஒளிப்படச் சான்று. அச்சான்றுகள் கிளார்க்கின் நூல்வழி 1957இல் மேலைநாட்டு வாசகரை அடைந்தன. இலிங்கம் புதிய கோயிலை அடைந்தது. குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது.

அந்த 1956 யூனில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையிலேயே கூடியது. துறைமுகமோ 1957 ஒக்டோபர் வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக நீடித்தது. கமரா நீருக்குள் இருந்தது.

1947இல் வெளியான முதற் சிங்களப் பேசும்படம் மதுரைக் கலையகத்திலே தயாரானது. தென்னிந்தியக் கலையக முறையிலிருந்து விலகி, 1956இல் வில்லியம் பிளேக்கின் ஒளிப்பதிவில் 'ரேகாவ' வெளிப்புறத்திலே படமாக்கப்பட்டது. அவ்விலகலை இன்னும் ஒருபடி முன்னெடுத்துச் சென்றது வில்சன் நெறிப்படுத்திய 'ரன் முத்து தூவ' (1962). காமினி பொன்சேகா நடித்து, அமரதேவ இசையமைத்த இச்சாகசப் படத்தில் திருகோணமலைக் கடலடி முதன்முறையாகச் சிங்களத் திரையில் வண்ணமாய்த் தோன்றியது. படம் பெருவெற்றி பெற்றது. ஆயின் அதன் பெயரே பொன்னும் முத்தும் நிறைந்த தீவென்று பொருள்படும். ஒரு சாராருக்கு வழிபாட்டு நினைவாக இருந்த கடல், திரையில் மற்றொரு சாராருக்குச் செல்வக் கனவாகியது. இதனை வில்சனின் உள்நோக்கமெனக் கொள்ளவேண்டியதில்லை. வணிகத் திரைப்படம் எதனையும் பண்டமாக்கியே காட்டும்.

1961இல் தெற்குக் கடலிலுள்ள பெரிய இராவணன் பாறையருகே நீரடிப் படப்பிடிப்பின்போது ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி நாணயங்கள் அகப்பட்டதும் அவர் கமராவின் பின்விளைவே.

வில்சனுக்குக் கலையகமோ நிரந்தர மூலதனமோ இருந்ததில்லை. கிளார்க்கின் எழுத்து வருவாயே பெரிதும் முதலாயிற்று. 'கெட்டவரயோ' (1964), 'சொருங்கெத் சொரு' (1967) ஆகியவற்றின்பின் அவர் திரைத்துறையை விட்டு விலகினார். 1970களில் துறவுபூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் வந்தது; ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. 1980இல் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரொன்றில் கிளார்க் இலங்கைக் கடற்கரையிலிருந்து உலகத்தோடு பேசினார். அப்போது கமராவின் பின்னால் வில்சன் இல்லை. 1995இல் அவர் காலமானார்.