பகல்லயே லைட் போடணுமா? வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் வரணும்... விதிகள் சொல்வது என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விதான். தண்ணி எப்படி, பார்க்கிங் இருக்கா, ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்? மத்தியானம் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு கிச்சனில் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பவர்கள் குறைவு. புரோக்கரும் எல்லா லைட்டையும் போட்டுவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவார்.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016 இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தெளிவான வானம், சூரியன் 15 டிகிரி உயரத்தில். அப்போது வெளியே 8,000 லக்ஸ் வெளிச்சம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். நேரடி வெயில் இதில் சேராது. இதில் எத்தனை சதவீதம் அறைக்குள் வருகிறது என்பதுதான் 'பகல் வெளிச்சக் காரணி'.

கிச்சனுக்கு 2.5%, அதாவது 200 லக்ஸ். படிக்கும் அறைக்கு 1.9%, சுமார் 150 லக்ஸ். ஹாலுக்கு 0.625%, வெறும் 50 லக்ஸ். கத்தி பிடிக்கும் இடத்துக்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும் என்பது நியாயம்தானே! ஆனால் நம்ம ஊர் பிளானில் இருட்டு மூலை பெரும்பாலும் கிச்சனுக்குத்தான் போகிறது. மொபைலில் இருக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் துல்லியமாக இருக்காது. தோராயமாகப் பார்க்க அது போதும்.

ஜன்னல் எவ்வளவு பெருசு?

சென்னை வெப்பமும் ஈரப்பதமும் கலந்த பகுதி. இங்கே ஜன்னல் பரப்பு, அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கதவு கணக்கில் வராது. 10க்கு 12 பெட்ரூம் என்றால் 120 சதுர அடி, அதற்கு 20 சதுர அடி ஜன்னல். வழக்கமாக வைக்கும் 4க்கு 4 ஜன்னல் 16 சதுர அடிதான். அதுவே பத்தாது.

கிச்சனுக்கு குறைந்தது 1 சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும். அது திறந்தவெளியைப் பார்த்து இருக்க வேண்டும், டக்டைப் பார்த்து இருக்கக் கூடாது. ஜன்னலில் இருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் உள்ள இடம் வெளிச்சம் பெறுவதாகவே கணக்கில்லை.

500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் வரும் குடியிருப்புகளுக்காக மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு 2018-ல் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா'வைக் கொண்டு வந்தது. அதிலும் திறக்கக்கூடிய பரப்புக்கு இதே ஆறில் ஒரு பங்கு கணக்குதான், 16.66%. ஆனால் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால் 50% மட்டுமே கணக்கில் சேரும். யுபிவிசி ஸ்லைடிங் போட்டவர்கள் கவனிக்க.

பக்கத்து சுவர்தான் வில்லன்

ஜன்னல் பெருசா இருந்தும் வீடு இருட்டா இருக்கா? ஒரு கணக்கு பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி, எதிரே 7 மீட்டர் உயரச் சுவர். கிரவுண்ட் ஃப்ளோர் ஜன்னலில் நின்று பார்த்தால் சுமார் 61 டிகிரி வரை சுவர்தான் தெரியும், அதற்கு மேல்தான் வானம். அறைக்குள் ஓரடி தள்ளிப் போனால் அதுவும் குறைந்துவிடும். எதிர்ச் சுவருக்கு வெள்ளை அடித்தால் ஓரளவு வெளிச்சம் திரும்பி வரும், செலவும் கம்மி.

பில்டர்கள் சொல்லும் 'ஓ.டி.எஸ்.' பற்றியும் ஒரு விஷயம். பெட்ரூம் ஜன்னல் உள்முற்றத்தைப் பார்த்து இருந்தால் அந்த முற்றம் குறைந்தது 3 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது தேசிய விதித்தொகுப்பு. நாலடி சந்தை விட்டுவிட்டு 'வென்டிலேஷன் இருக்கு சார்' என்றால் பாத்ரூமுக்கு வேண்டுமானால் சரி. அந்தக் காலத்து முற்றத்தையும் கண்ணாடி ஓட்டையும் நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இது சட்டமா?

தேசிய விதித்தொகுப்பு வழிகாட்டிதான். மாநில விதி எடுத்துக்கொண்டால் மட்டுமே அது கட்டாயம். இங்கே பிளான் அனுமதி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி நடக்கிறது. செட்பேக், உயரம், எஃப்.எஸ்.ஐ. ஆகியவைதான் முக்கியமாகப் பார்க்கப்படும். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் தரைத்தளம், முதல் தள வீடுகளுக்கு சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. கள ஆய்வு கிடையாது. அதனால் ஜன்னல் விஷயத்தை நீங்களேதான் பிளானில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் மறைத்துக் கட்டினால்?

1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15. ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் தடையில்லாமல், அமைதியாக வெளிச்சமும் காற்றும் கிடைத்திருந்தால் அது உரிமையாகிவிடும். ஆனால் 'லேசா இருட்டாயிடுச்சு' என்பது போதாது. வசதியோ வீட்டின் மதிப்போ கணிசமாகக் குறைந்ததைக் காட்ட வேண்டும். தடை வந்த பிறகு ஆறப்போடவும் முடியாது. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீடு கட்டி 10 வருஷம்தான் ஆகிறதா? இந்தப் பிரிவு கைகொடுக்காது. பக்கத்து மனை இன்று காலியாக இருப்பதை நம்பி அந்தப் பக்கம் மட்டும் ஜன்னல் வைப்பது ரிஸ்க். அதே நேரம், அவர் செட்பேக் விடாமல் கட்டினால் 20 வருஷக் கணக்கே தேவையில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். அம்பத்தூருக்கு சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம், ஆவடிக்கு ஆவடி மாநகராட்சி, பூந்தமல்லிக்கு நகராட்சி. அஸ்திவாரம் எழும்பும்போதே கொடுப்பது நல்லது.