இறந்தவருக்குச் செய்யும் நீதி

1966-ஆம் ஆண்டு நியூயார்க்கில் வெளிவந்த ஒரு வாழ்க்கை வரலாற்று நூல், தன் நாயகனின் பிறப்பைச் சொல்லாமலே தொடங்கியது. தாய் தந்தையர் யார், பிறந்த ஊர் எது, பள்ளிப் பருவம் எப்படிக் கழிந்தது என்று வரிசையாகச் சொல்லிச் செல்வதே வாழ்க்கை வரலாற்றின் பழைய வழக்கம். இந்நூலோ முப்பத்தொரு வயது நிரம்பிய ஒருவர் சான் பிரான்சிஸ்கோவை விட்டு நியூயார்க்கை நோக்கிப் பயணப்படும் 1866-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. நாயகன் மார்க் ட்வைன். நூலின் பெயர் 'திரு. கிளெமென்சும் மார்க் ட்வைனும்'. எழுதியவர் ஜஸ்டின் கேப்ளன்.

முதல் முப்பது ஆண்டுகளை அவர் ஏன் விட்டுவிட்டார்? மிசிசிப்பி ஆற்றங்கரைச் சிறுவனாகவும், நீராவிப் படகோட்டியாகவும், சுரங்கப் பகுதிகளில் திரிந்த செய்தியாளராகவும் வாழ்ந்த காலத்தை ட்வைனே எழுதிவிட்டார். அவரைவிடச் சிறப்பாக வேறொருவர் எழுத இயலாது என்பதே கேப்ளனின் விளக்கம். தன்னடக்கமான விளக்கம்தான். ஆயினும் அதனுள் ஒரு கூர்மையான கணிப்பும் மறைந்திருக்கிறது. ஒருவர் தம்மைப்பற்றித் தாமே அழகாகச் சொல்லிக்கொண்ட இடத்தில் வரலாற்றாசிரியனுக்கு வேலை குறைவு. அவர் சொல்லாமல் விட்ட இடத்திலேதான் அவனுடைய வேலை தொடங்குகிறது.

கேப்ளன் 1925-இல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதிற்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். பத்தொன்பதாவது வயதிலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்; மேற்படிப்பைத் தொடங்கி, பாதியிலேயே விட்டார். பின்னர் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக அமர்ந்தார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், நிக்கோஸ் கசன்ட்சாகிஸ் போன்றோரின் நூல்கள் அவர் கைவழியே சென்றன. 1954-இல் நாவலாசிரியை ஆன் பெர்னேசை மணந்தார். மதிப்பும் வருவாயும் உள்ள அந்தப் பணியை 1959-இல் துறந்து, குடும்பத்தோடு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அதுவரை ஒரு வாழ்க்கை வரலாறுகூட எழுதியிராத மனிதர், அமெரிக்கர் அனைவரும் அறிந்த ஒருவரைப்பற்றி எழுதத் துணிந்தார். எழுதி முடிக்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பிடித்தன.

அப்போது ட்வைனைப்பற்றிய நூல்களின் நிலை என்ன? 1910-இல் அவர் இறந்ததும், அவரே தெரிந்துகொண்ட ஆல்பர்ட் பிகலோ பெயின் என்பவர் 1912-இல் மூன்று பாகங்களில் வரலாற்றை வெளியிட்டார். குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய அவர், 1937-இல் தாம் இறக்கும்வரை, ட்வைனின் கையெழுத்துச் சுவடிகளுக்குக் காவலராகவும் இருந்தார். மக்கள் நேசித்த அந்த வெள்ளைத் தலைமுடித் தாத்தாவின் உருவத்திற்குக் குந்தகம் நேரக்கூடாது என்பதில் கருத்தாயிருந்தார். மகள் கிளாரா அவரினும் கண்டிப்பானவர். தந்தையின் கசப்பான எழுத்துகள் சில 1962 வரை அச்சேறாமல் கிடந்ததற்கு அவரே காரணம். இதற்கிடையில் அறிஞர் இருவர் மோதிக்கொண்டனர். பணமும் பகட்டும் மனைவியின் நாகரிகமும் சேர்ந்து ஒரு மாமேதையை முடக்கிவிட்டன என்று வான் விக் புரூக்ஸ் 1920-இல் வழக்குரைத்தார். அதெல்லாம் வீண் பேச்சு, எல்லைப்புற அமெரிக்காவே அவரை ஆக்கியது என்று பெர்னார்ட் டிவோட்டோ 1932-இல் மறுத்துரைத்தார். ஒரு பக்கம் காவல், மறுபக்கம் வழக்காடு மன்றம்.

கேப்ளன் இரு பக்கமும் சாரவில்லை. நூலின் தலைப்பே அவருடைய தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. சாமுவேல் கிளெமென்ஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். மார்க் ட்வைன் என்பது அவராகச் சூடிக்கொண்ட பெயர். முன்னவர் ஹார்ட்ஃபர்டு நகரில் மாளிகை கட்டி, செல்வருள் செல்வராக வாழ விரும்பியவர். பின்னவர் அதே செல்வரின் போலித்தனத்தை எள்ளி நகையாடியவர். இருவரும் ஒரே மேசையில் உணவருந்தினர், ஒரே படுக்கையில் உறக்கமின்றிப் புரண்டனர். எவர் மெய், எவர் பொய் என்று பிரித்துக் காட்ட கேப்ளன் முற்படவில்லை. இருவரையும் ஒருசேரக் கண்டார்.

இதற்கு அச்சுக்கோக்கும் இயந்திரத்தின் கதையே போதிய சான்று. ஜேம்ஸ் பேஜ் என்பவர் உருவாக்கிய அந்த இயந்திரத்தில் ஏறத்தாழ 18,000 உறுப்புகள். இளமையில் அச்சுக்கூடத்தில் கையால் எழுத்துக் கோத்த ட்வைனுக்கு அதைக் கண்டதும் மயக்கம். 1880-களின் தொடக்கம் முதல் தம் வருவாயையும் மனைவியின் செல்வத்தையும் அதில் கொட்டினார். இயந்திரமோ சில நாள் ஓடும், பல நாள் பழுதாகி நிற்கும்; அதற்குள் எளிய லைனோடைப் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் அவர் வணிகம் அறியாதவர் அல்லர். தாம் நடத்திய பதிப்பகத்தின் வழியே ஜெனரல் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, 1886-இல் அவர்தம் கைம்பெண்ணுக்கு 2,00,000 டாலர் காசோலையை அளித்தவர். அதே பதிப்பகம் 1894-இல் நொடித்தது. சட்டம் அவரை விட்டுவிடக்கூடும், அவர் விடவில்லை. கடன்காரர் ஒவ்வொருவருக்கும் முழுத் தொகையும் தருவேன் என்று கூறி, தம் அறுபதாம் வயதை ஒட்டி, 1895-இல் உலகச் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். அப்பயணத்தில்தான் 1896-இன் தொடக்கத்தில் கொழும்பிலும் பின்னர் பம்பாய், காசி, கல்கத்தா முதலிய நகரங்களிலும் கால் வைத்தார்.

பயணம் முடிந்து இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, 1896 ஆகஸ்டில், ஹார்ட்ஃபர்டு இல்லத்தில் மூத்த மகள் சூசி மூளைக்காய்ச்சலால் இறந்தாள். வயது 24. ட்வைனின் முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்று அவளையே சொல்லவேண்டும். பதின்மூன்று வயதில், 1885-இல், தன் தந்தையின் வரலாற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியவள் அவள். முதுமையில் தம் வரலாற்றைத் தாமே சொல்லத் தொடங்கிய ட்வைன், அக்குறிப்பேட்டிலிருந்து பகுதி பகுதியாக எடுத்துச் சேர்த்தார். அவளுடைய எழுத்துப் பிழைகளைத் திருத்த மனம் வரவில்லை. கடன் முழுவதும் 1898-இல் அடைந்தது. அதைக் கேட்டு மகிழ சூசி இல்லை.

கேப்ளனின் இந்நூலுக்கு 1967-இல் புலிட்சர் பரிசும் தேசிய நூல் விருதும் சேர்ந்தே கிடைத்தன. அடுத்து, அமெரிக்க நகராட்சிகளின் ஊழலை வெளிக்கொணர்ந்த இதழாளர் லிங்கன் ஸ்டெஃபென்சின் வரலாற்றை 1974-இல் வெளியிட்டார். தேர்ந்த நூலே, ஆனால் என் கருத்தில் மூன்றனுள் சற்றுப் பின்தங்கியது. 1931-இல் ஸ்டெஃபென்சே எழுதிய தன்வரலாறு அவர் வாழ்க்கை முழுவதையும் தழுவி நிற்பது. ட்வைனிடம் செய்ததுபோல ஒரு பகுதியை அவருக்கே விட்டுக்கொடுத்து மறுபகுதியை எடுத்துக்கொள்ள இங்கு வழியில்லை.

மூன்றாவது நூல் 1980-இல் வந்த 'வால்ட் விட்மன்: ஒரு வாழ்க்கை'. மறு ஆண்டே அதற்கும் தேசிய நூல் விருது. இங்கும் பிறப்பு முதலில் வரவில்லை. 1884-இல் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், புகைவண்டிப் பாதைக்கருகே, 1,750 டாலருக்கு ஒரு சிறு வீடு வாங்கிக் குடியேறும் முதியவரையே நாம் முதற்கண் காண்கிறோம். அவர் பழைய காகிதக் குவியல்களுக்கு நடுவே அமர்ந்து, சிலவற்றைக் கிழிக்கிறார், சிலவற்றைத் திருத்துகிறார். வருங்கால வரலாற்றாசிரியன் தம்மை எப்படிக் காணவேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்கிறார்!

விட்மன் அதில் கைதேர்ந்தவர். 1855-இல் 'புல்லின் இதழ்கள்' வந்தபோது பெயர் சொல்லாமல் தம் நூலுக்குத் தாமே மதிப்புரைகள் எழுதினார். எமர்சன் தனிமடலாக எழுதிய பாராட்டை அவர் இசைவின்றி நாளிதழில் வெளியிட்டார். மறு ஆண்டுப் பதிப்பின் முதுகில் அதன் ஒரு வரியைப் பொன் எழுத்தில் பொறித்தார். ஆண்களுக்கிடையே அவர் பாடிய அன்பின் பொருள் என்ன என்று ஆங்கிலேய அறிஞர் ஒருவர் துருவிக் கேட்டபோது, எனக்கு ஆறு பிள்ளைகள் உண்டு என்று 1890-இல் விடையிறுத்தார். அப்படி ஒரு பிள்ளை இருந்ததற்கும் இன்றளவும் சான்று இல்லை. பீட்டர் டாயில் என்ற டிராம் வண்டி நடத்துநர் மீது கொண்ட பற்றை, 1870-இல் தம் குறிப்பேட்டில் ஆங்கில நெடுங்கணக்கின் எண்களாக மாற்றி 16, 4 என்று மறைத்து எழுதினார். கேப்ளன் இதனை மூடிமறைக்கவும் இல்லை, முரசறையவும் இல்லை.

அதே விட்மன், 1862 டிசம்பரில், போரில் காயமுற்ற தம் தம்பியைத் தேடிச் சென்றார். தம்பிக்குப் பெரிய காயமில்லை. ஆனால் சென்றவர் வீடு திரும்பவில்லை. வாஷிங்டனின் இராணுவ மருத்துவமனைகளில் படுக்கை படுக்கையாக நடந்தார். ஆரஞ்சுப் பழமும் புகையிலையும் கொடுத்தார், எழுத இயலாதவர்க்குத் தாய்மாருக்கான மடல் எழுதினார், இறப்பவர் அருகே இரவெல்லாம் அமர்ந்தார். அறுநூறு முறைக்கு மேல் சென்றதாகவும், 80,000 முதல் 1,00,000 பேர்வரை கண்டதாகவும் அவரே கணக்கிட்டார். பொய் சொன்ன அதே கைதான் அந்த மடல்களையும் எழுதியது. அடக்கச் சடங்கில் பத்து நிமிடம் இறந்தவரைப்பற்றிப் பேசும் கடமை உடையவர் எவருக்கும், இவ்விரண்டையும் ஒரே நூலில் வைப்பது எத்துணைக் கடினம் என்பது விளங்கும்.

இத்தகைய நடுநிலையாளர் ஓரிடத்தில் தடுமாறினார். ஜான் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் புத்தக வணிகர் 1855-இல் தொடங்கிய புகழ்பெற்ற மேற்கோள் தொகுப்பின் பதினாறாம் பதிப்பைக் கேப்ளன் 1992-இல் தொகுத்தார். எட்டாண்டு ஆட்சி செய்த குடியரசுத் தலைவர் ரேகனுக்கு அதில் மூன்றே மேற்கோள்கள். ஜான் கென்னடிக்கோ இருபத்தெட்டு. ரேகனைத் தமக்குப் பிடிக்காது என்பதைக் கேப்ளன் வெளிப்படையாகவே சொன்னார். கண்டனம் எழுந்தது, அது நியாயமான கண்டனம் என்றே எண்ணுகிறேன். 2002-இல் வந்த பதினேழாம் பதிப்பில் பெர்லின் சுவரைத் தகர்க்கக் கோரிய உரையின் வரி சேர்ந்தது. பொய்யுரைத்த விட்மனுக்கு அவரால் நீதி வழங்க முடிந்தது. வாழும் ஓர் அரசியல்வாதிக்கு முடியவில்லை. ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் மடல் மடலாக வாழ்ந்தார்; மற்றவரைச் செய்தித்தாள் தலைப்புகளில் மட்டும் கண்டார். வேறுபாடு இதனால் விளைந்திருக்கலாம்.

அதே 2002-இல் கேப்ளனும் மனைவியும் இணைந்து தங்கள் வாழ்க்கை நினைவுகளை ஒரு நூலாக்கினர். ஒரு இயலை அவர் எழுத, மறு இயலை மனைவி எழுதுகிறார். அவர் 2014 மார்ச்சில் தம் 88-ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் காலமானார். பிறருடைய வாழ்க்கையைத் தோண்டித் துருவியவர் தம்முடையதைச் சொன்னபோது, 1950-களின் நியூயார்க் நாள்களையே களமாகத் தெரிந்துகொண்டார். தாம் வரலாற்றாசிரியராக வாழ்ந்த ஆண்டுகளைச் சொல்லும் பொறுப்பைப் பிறருக்கு விட்டுவிட்டார்.