வழுவும் வழுவமைதியும்

மென்பொருளில் நேரும் பிழையைக் கணித்தமிழ் அன்பர்கள் 'வழு' என்று வழங்குகிறார்கள். அச்சொல்லை முதன்முதலில் அவ்விடத்தில் கண்டபோது நமக்கு வியப்பும் சற்றே சிரிப்பும் தோன்றின. ஆங்கிலத்தில் அதற்குப் 'பூச்சி' என்று பொருள்படும் சொல். 1947இல் ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் ரிலேயில் சிக்கிய விட்டில் ஒன்றைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்த கதை பலரும் அறிந்ததே. சொல் மட்டும் அதற்கு முன்பே பொறியாளர் வழக்கில் இருந்தது. தமிழோ பூச்சியை விட்டுவிட்டு இலக்கணத்திடம் போயிற்று. போன இடம் சரியான இடந்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தோடு தொடர்புபடுத்தப் பெறுபவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்கினால் வழு என்பது அவர் வகுப்பு. பிழையைப் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நின்றுவிடவில்லை. எங்கே பிழைத்தது என்று வகை காட்டினார். அதனினும் நுட்பமானது வழுவமைதி. பிழைதான், ஆயினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. காங்கயம் பசு தொழுவத்துக்குள் நுழையும்போது நம் பாட்டிமார் "லட்சுமி வந்துட்டா" என்றால் அது திணை வழு. உவப்பினால் வந்தமையின் அமைதி பெறும்.

இவ்விலக்கணத்தைப் பல்லாண்டு நடத்திய நாம், வழுவை எப்படி அறிவிப்பது என்று கற்றது பிற்காலத்தில்தான். நொய்யல் கரை ஊர்ப்பெயர்களைத் தொகுத்துத் துறை மாணவர்கள் தட்டச்சு செய்த கோப்பு ஒன்று நம்மிடம் இருந்தது. குருடிமலையில் தோன்றி நொய்யலோடு கலக்கும் கௌசிகா நதியை அதில் தேடினோம். திரையில் கண்முன்னே நின்ற பெயரை, 'இல்லை' என்று சாதித்தது மென்பொருள். அது கட்டற்ற மென்பொருள்; மூலநிரல் யாவருக்கும் திறந்தது, குறையை யாரும் எழுதி அறிவிக்கலாம். சினத்தோடு எழுதினோம்: "தமிழில் தேடல் சரியில்லை."

இரண்டே வரியில் மறுமொழி வந்தது. எந்தச் சொல், எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நேர்ந்தது? நமக்கு முகம் சுருங்கியது. பழைய மாணவர் ஒருவர் விளக்கினார்: "ஐயா, அவங்க மேசையிலயும் அந்தத் தப்பு நடந்தாத்தானே அவங்க திருத்த முடியும்?" ஏட்டைப் பார்க்காமல் பாடத்தைத் திருத்த முடியாது என்று நாம் வகுப்பில் சொல்வதையே அவர் வேறு சொற்களில் சொன்னார்.

கோப்பையும் இணைத்து மீண்டும் எழுதினோம். தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. கோப்பில் இருந்தது 'கௌசிகா' அன்று, 'கெளசிகா'. ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரம் போலத் தோன்றுவதால், மாணவர்கள் கொம்பும் ளகரமும் இட்டு எழுதியிருந்தார்கள். ஒருங்குறியில் அக்குறிக்குத் தனி எண் உண்டு. ளகரத்துக்கு வேறு எண். கண் ஒன்றெனக் கண்டதைக் கணிப்பொறி இரண்டெனக் கண்டது. வழு நம்முடையது. கோப்பைத் துழாவியபோது கௌமார மடாலயமும் அவ்வாறே மறைந்து கிடந்தது. தேடிக் கிடைக்காத பெயர் நாளைய ஆய்வாளனுக்கு இல்லாத பெயரே அன்றோ?

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்தார். 1998இல் மொசில்லா திட்டத்தார் பக்சில்லா என்னும் வழுப்பதிவேட்டை ஏற்படுத்தினர். அதில் ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு முடிவு எழுதப்படும்: திருத்தப்பட்டது, வழு அன்று, முன்பே அறிவிக்கப்பட்டது, திருத்தப்படாது. கடைசி முடிவைக் கண்டதும் நமக்கு வழுவமைதி நினைவுக்கு வந்தது.

அதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு வரிசையைத் தழுவியது. பிற எழுத்துகளில் விசர்க்கம் நிற்கும் இடத்தில் நம் ஆய்தம் அமர்ந்தது. பெயரும் 'தமிழ் விசர்க்கக் குறி' என்றே பதிவாயிற்று. தொல்காப்பியம் சார்பெழுத்தெனச் சொன்ன ஆய்தத்துக்கு இப்பெயர் பொருந்தாது. ஆயினும் ஒருமுறை இட்ட எழுத்துப்பெயரை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதி. உலகெங்கும் நிரல்கள் அப்பெயர்களை நம்பி இயங்குகின்றன. எனவே பெயரை விட்டுவிட்டு, அருகே ஆய்தம் என்று குறிப்பு எழுதினார்கள். கோவையில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் நடந்தபோது தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அந்த வழுவமைதியும் அதனோடு சேர்ந்தே வந்தது.

நம் பதிப்பாசிரியர்களுக்கு இவ்வொழுங்கு புதிதன்று. விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதையை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தபோது கிடைத்த ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. குறையை மறைக்காமல், குறையோடே வெளியிட்டார். பழைய நூல்களின் இறுதியில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பக்கம் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார்.

டொனால்டு நூத் என்னும் கணிப்பொறி அறிஞர், தம் நூல்களில் பிழை காட்டுவோர்க்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பிவந்தார். பெற்றவர்களுள் பலர் அதைப் பணமாக்காமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டார்கள். பிழை காட்டியவரை நூலின் நண்பராகக் கருதும் பண்பு அது.

நாமோ, பிழை கண்டால் நூலின் ஓரத்தில் பென்சிலால் திருத்திக்கொண்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். அடுத்த பதிப்பிலும் அப்பிழை அப்படியே வருகிறது. தமிழ் மென்பொருளிலும் இதுவே நிகழ்கிறது. எழுத்து உடைகிறது என்று தேநீர்க்கடையில் குறைப்படுவோர் பலர். எங்கே, எப்போது, எந்தச் சொல்லில் என்று உரியவர்க்கு எழுதுவோர் சிலர். பிழையை இனங்கண்டு வகைப்படுத்தப் பயின்ற தமிழ் மாணவர்கள் அச்சிலரோடு சேர வேண்டாமா?

கோப்பைத் திருத்திவிட்டோம். இப்போது தேடினால் கௌசிகா கிடைக்கிறாள். நதியைப் பெண்பாலாகச் சொன்னது திணை வழுவென்று யாரேனும் அறிவித்தால், உவப்பினால் வந்த வழுவமைதி என்று விடையிறுப்போம்.