விவாகரத்து: ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து குடும்ப நீதிமன்றம் வரை (காசிமேட்டை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை)

காசிமேடு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்தான். ஆனால் குடும்பச் சட்டத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கரை ஒரு நல்ல பாடம் எனலாம். இங்கே பட்டினவர் குடும்பங்கள் இருக்கின்றன. படகோட்டிகள் கட்டிய ராயபுரம் ராயப்பர் ஆலயத்தைச் சுற்றிக் கத்தோலிக்கக் குடும்பங்கள். சற்றுத் தள்ளி வண்ணாரப்பேட்டைப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள். ஒரே கடல், ஒரே மார்க்கெட். ஆனால் கணவனும் மனைவியும் பிரிவது என்று வந்துவிட்டால் மூன்று வெவ்வேறு சட்டங்கள்!

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மூன்று பேருக்கும் கோர்ட்டுக்கு முன்னால் வேறொரு காகிதம் கையில் கிடைத்துவிடலாம். ஒருவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து எழுதியது, ஒருவருக்கு சர்ச் கொடுத்தது, ஒருவருக்கு காஜியோ ஜமாத்தோ கொடுத்தது. அந்தக் காகிதம் சட்டத்தின் முன் என்ன மதிப்பு பெறும்? அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

அறுத்துக் கட்டும் வழக்கம்

"இந்துக்களிடம் விவாகரத்து கிடையாது, அது 1955ல் சட்டம் கொண்டுவந்தது" என்று பலரும் நினைக்கிறார்கள். இது பாதிதான் உண்மை. தமிழ்நாட்டின் பல உழைக்கும் சாதிகளில் 'அறுத்துக் கட்டுவது' பழைய வழக்கம். பழைய தாலியை அறுத்துவிட்டு வேறொருவரை மணப்பது என்று பொருள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 'தீர்த்துவிட்டால்' முடிந்தது. 1894ல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில், இருவரும் சம்மதித்துப் பிரிவதையும் மறுமணத்தையும் அனுமதிக்கும் சாதி வழக்கம் ஒழுக்கக்கேடானது அல்ல என்று சொன்னது.

பின்னர் 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு விவாகரத்து உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1949ல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடை செய்து, விவாகரத்துக்கும் வழி செய்து தனிச்சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான், 1955ல். பரஸ்பர சம்மதத்துடன் பிரியும் வசதி 1976 திருத்தத்தில் சேர்ந்தது.

1955 சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான விவாகரத்தை ஒழிக்கவில்லை, அப்படியே காப்பாற்றி வைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொடர்ந்து இருந்து வருகிறது என்பதை, அதைச் சொல்பவர் வழக்கு மனுவிலேயே எழுதி, சாட்சியுடன் நிரூபிக்க வேண்டும். 2002ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பத்து ரூபாய், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது.

நிரூபிக்க முடியாவிட்டால்? பழைய திருமணம் அப்படியே நிற்கிறது. அடுத்த கல்யாணம் செல்லாது. இருதார மணக் குற்றமும் ஆகலாம். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, நிவாரணப் பணத்துக்கு இரண்டு பெண்கள் மனு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சாயத்துக் காகிதத்தின் மதிப்பு அன்றைக்குத்தான் தெரியும். அவருடன் பல வருடம் குடும்பம் நடத்திய இரண்டாவது பெண் சட்டப்படி மனைவியே இல்லை என்று ஆகிவிடும். அவருக்குப் பிறந்த பிள்ளைகளை மட்டும் 16வது பிரிவு சட்டபூர்வமான பிள்ளைகளாக ஏற்கிறது.

1869ல் எழுதியது, 2001ல் திருத்தியது

கிறிஸ்தவர்களின் கதை இதைவிட வருத்தமானது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து உண்டு. மனைவிக்கு அது போதாது! கணவனின் தகாத தொடர்போடு கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறுமனே அடி உதை என்றால் சட்டப்படி பிரிந்து வாழலாம், விவாகரத்து கிடையாது. மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு சொன்னாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும்.

1995ல் கேரள உயர் நீதிமன்றம் இந்த அநீதியைச் சாடி, கொடுமையும் கைவிடுதலும் தனித்தனியாகவே போதுமான காரணம் என்றது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது 2001ல்தான். 132 ஆண்டுகள்! அப்போதும்கூட பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இந்துக்களுக்கு ஓராண்டுப் பிரிவு போதும் என்றிருக்க, கிறிஸ்தவர்களுக்கு இரண்டு ஆண்டு என்று எழுதினார்கள். 2010ல் கேரள உயர் நீதிமன்றம் அதையும் ஓராண்டு என்றே கொள்ள வேண்டும் என்றது.

சர்ச் தரும் திருமண ரத்து, ஆலயத்தில் மறுமணம் செய்துகொள்ள மட்டுமே உதவும். சட்டப்படியான விவாகரத்துக்கு அது ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்பளித்தது.

ஜமாத்தும் காஜியும்

முஸ்லிம் பெண்கள் குறிப்பிட்ட காரணங்களைக் காட்டி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்க 1939லேயே சட்டம் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் அன்றைய இந்து, கிறிஸ்தவப் பெண்களைவிட அவர்களுக்கு வழி அகலமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் கணவன் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017ல்தான் உச்ச நீதிமன்றத்தால் ரத்தானது. 2019ல் அது தண்டனைக்குரிய குற்றமானது.

காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், சட்ட மதிப்பு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017ல் சொன்னது. குலா முறையில் விலக விரும்பும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம், தனியார் அமைப்புகள் அந்தச் சான்றைத் தர முடியாது என்று அதே நீதிமன்றம் 2023ல் தீர்ப்பளித்தது.

பிள்ளை யாரிடம்?

பஞ்சாயத்துப் பேச்சில் "பிள்ளையை இனி கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவது உண்டு. இது செல்லுமா? இதற்குப் பதில் நூறு வருடத்துக்கு முன்பே சென்னையில் நடந்த ஒரு புகழ்பெற்ற வழக்கில் இருக்கிறது. அடையாறில் இருந்த நாராயணய்யா, தன் மகன்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தாவையும் 1910ல் கடிதம் எழுதி அன்னி பெசன்ட்டின் பொறுப்பில் விட்டார். 1912ல் மனம் மாறி, பிள்ளைகளைத் திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டார். சென்னையில் அவர் ஜெயித்தார். 1914ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதிகார வரம்பைக் காட்டி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கொள்கையையும் சொன்னது. தந்தை தன் பொறுப்பை எழுதிக் கொடுத்துக் கைகழுவ முடியாது, கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பிள்ளைகளின் நலனும் விருப்பமும் விசாரிக்கப்பட வேண்டும்.

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. 1956ல் வந்த இந்து இளவர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. இயற்கைக் காப்பாளர் தந்தை, "அவருக்குப் பின்" தாய் என்றும் எழுதியிருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999ல் உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பின்' என்பது அவர் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று விளக்கியது. பிள்ளை அப்பாவின் சொத்துமல்ல, அம்மாவின் சொத்துமல்ல. பிள்ளையின் நலன்தான் முதலில்.

ஜீவனாம்சம்: எல்லோருக்கும் ஒரே வாசல்

மூன்று வீட்டுப் பெண்களுக்கும் பொதுவான ஒரு சட்டம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இது புதிய சட்டத்தின் 144வது பிரிவு. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற பழைய உச்சவரம்பை 2001ல் நீக்கினார்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

காசிமேட்டில் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கும். விசைப்படகில் போகிறவருக்கு டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்குதான் வருமானம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. "வருமானமே இல்லை" என்று சொல்வது சுலபம். 2020ல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இருவரும் வரவு செலவு, சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. வங்கிக் கணக்கும் படகுப் பதிவும் இங்கேதான் கைகொடுக்கும்.

முடிவாக

ஊர்ப் பஞ்சாயத்தும் சர்ச்சும் ஜமாத்தும் சமாதானம் பேசுவதில் தவறில்லை. பல குடும்பங்கள் அங்கேயே ஒன்று சேர்ந்திருக்கின்றன. ஆனால் பிரிவது என்று முடிவாகிவிட்டால், அந்தக் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. காசிமேட்டிலிருந்து உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு பஸ் போதும். 2003 திருத்தத்துக்குப் பிறகு இந்து மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு.

நூறு வருடத்துக்கும் மேலாகப் பலர் வழக்காடிப் பெற்ற உரிமைகள் இவை. பாரிமுனை வரை போகத் தயங்கி, அவற்றை இழந்துவிடக் கூடாது.