காது கொடுத்துக் கேட்ட கம்பி

நோயாளிக்கு பிபி 70/40-னு காட்டுது. ஆனா அவர் ஜம்முனு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிட்டிருக்கார். நாங்க உடனே மருந்தை ஏத்த மாட்டோம். முதல்ல கஃப் சரியா சுத்தியிருக்கான்னு பார்ப்போம்.

ஹாம் ரேடியோ வரலாற்றிலும் இப்படி ஒரு சம்பவம் உண்டு.

1912-ல் வந்த அமெரிக்கச் சட்டம், பொழுதுபோக்கா வானொலி இயக்கும் ஹாம்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளத்துக்குள் ஒதுக்கிவிட்டது. நெடுந்தூரம் போக நீண்ட அலைதான் வேணும், குட்டை அலையால் பிரயோஜனம் இல்லை என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம்.

1921 பிப்ரவரியில் அமெரிக்க ஹாம்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் அனுப்பிப் பார்த்தாங்க. பிரிட்டனில் காத்திருந்தவங்களுக்கு உறுதியா எதுவும் கேட்கல.

நிபுணர்கள் சொன்னதுதான் சரியா? சிக்னல் வந்தே சேரலையா? இல்லை, வந்தது காதில் விழலையா?

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்க ரேடியோ ரிலே லீக், பால் காட்லி என்பவரைக் கப்பலேற்றி அனுப்பியது. அவர் போய் இறங்கிய இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஆர்ட்ராசன். டிசம்பர் குளிர், மழை, கடற்காற்று. காது கொடுத்துக் கேட்டது ஒரு கூடாரத்தில்.

அங்கே அவர் கட்டியது உயரமான கோபுரம் இல்லைங்க. 1,300 அடி, அதாவது கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளக் கம்பி. உயரம் வெறும் 12 அடி. துணி காயப்போடும் கொடி மாதிரி, அமெரிக்கா இருக்கும் திசையைப் பார்த்து நீட்டிவிட்டார். ஹரால்ட் பெவரேஜ் உருவாக்கிய ஆன்டெனா இது.

இதோட சூட்சுமம் என்ன? முன்னாலிருந்து வரும் அலை கம்பி நெடுகப் பயணிக்கும்போது, சிக்னல் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துகொண்டே ரிசீவருக்கு வரும். பின்பக்கத்திலிருந்து வரும் இரைச்சல் எதிர்முனைக்கு ஓடி, அங்கே தரையோடு இணைத்த ரெசிஸ்டரில் அடங்கிவிடும். சத்தத்தைக் கூட்டுவதைவிட இரைச்சலைக் குறைப்பதுதான் இதன் வேலை. சந்தைக்கடைச் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த எந்த டாக்டருக்கும் இது புரியும்.

அமெரிக்காவில் டிசம்பர் 11 இரவு, ஸ்காட்லாந்தில் 12 அதிகாலை. கனெக்டிகட்டின் கிரீனிச்சில் இருந்த 1பிசிஜி நிலையம் அனுப்பிய முழுச் செய்தியும் காட்லிக்குக் கேட்டது! அந்த நிலையத்தை அமைத்தவர்களில் ஒருவர், பின்னாளில் எஃப்எம் வானொலியைத் தந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். காட்லி பயன்படுத்திய சூப்பர்ஹெட் ரிசீவரும் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடிப்புதான்.

எல்லாப் புகழும் கம்பிக்கேன்னு சொல்லிட முடியாது. 1பிசிஜி வால்வு டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தது. அதே நாட்களில் சில பிரிட்டிஷ் ஹாம்களுக்கும் சொந்த ஏரியலிலேயே அமெரிக்க சிக்னல்கள் கேட்டன. ஒண்ணு மட்டும் உறுதியாச்சு. "உதவாது"னு ஒதுக்கின அலை கடலைத் தாண்டும். 1923 நவம்பரில் பிரான்சும் அமெரிக்காவும் சுமார் 110 மீட்டரில் இருவழியா பேசியே விட்டன.

இன்னைக்கும் மொட்டை மாடியில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் டைபோல் கட்டும் ஹாம்கள் இருக்காங்க. மழை பெய்ததும் எஸ்டபிள்யூஆர் எகிறினால் பவரைக் கூட்டாதீங்க. கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கா, இணைப்பில் பாசி பிடிச்சிருக்கா, தொய்ந்த கம்பி மரக்கிளையில் உரசுதான்னு பாருங்க.

எதிரே இருப்பவர் பேசலைனு முடிவு கட்டும் முன், நாம ஒழுங்கா கேட்டோமான்னு ஒருமுறை சரிபார்ப்போம். க்ளினிக்கிலும் அதுதான் விதி.