பேசியவர் யார்?

நாடக நூலொன்றைத் திறந்தால் முதற்பக்கத்திலே பாத்திரங்களின் பட்டியலைக் காண்கிறோம். ஒவ்வொரு பேச்சின் முன்னும் பேசுபவர் பெயரைக் காண்கிறோம். இவை யாவும் ஆசிரியர் இட்டவை என்றே நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எப்போதும் செல்லாது, நேயர்களே.

ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபௌட் நத்திங்' என்னும் இன்பியல் நாடகம் 1600ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாக அச்சேறிற்று. அந்நூலில் பாத்திரப் பட்டியலே இல்லை. பேசுவோர் பெயர்களோ பெருங்குழப்பம். டாக்பெரி என்னும் அசட்டுக் காவலதிகாரி கைதிகளை விசாரிக்கும் காட்சியில், அவன் பெயர் நிற்கவேண்டிய இடங்களில் பெரும்பாலும் 'கெம்ப்' என்றிருக்கிறது. அவன் துணைவன் பேசுமிடங்களில் 'கௌலி' என்றிருக்கிறது. இவர்கள் யாவர்? ஷேக்ஸ்பியரின் குழுவில் நடித்த வில்லியம் கெம்ப்பும் ரிச்சர்டு கௌலியுமே! இன்னார் நடிப்பார் என மனக்கண்ணிற் கண்டு ஆசிரியர் எழுதிய பெயரை, அச்சுக் கோப்பவர் அப்படியே கோத்துவிட்டார் போலும். இவ்வாறு பெயர்கள் மாறி மாறி வருவது ஆசிரியரின் சொந்தக் கைப்படிக்கு அடையாளம் என்று மக்கெரோ என்னும் அறிஞர் 1935இல் வாதிட்டார். அதனைப் பின்வந்தோர் சிலர் மறுத்ததும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கெம்ப் குழுவை விட்டு விலகி இருபதாண்டுகள் கடந்தபின், 1623இல் வெளிவந்த பெருந்தொகுப்பிலும் அப்பெயர் அழியாமல் நின்றது.

இதைவிட என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. நாடகத் தொடக்கத்தில், மெசீனா நகர ஆளுநன் லியனாட்டோவுடன் அவன் மனைவி இன்னோஜென் அரங்கில் நுழைவதாகக் குறிப்பு உண்டு. பின்னொரு காட்சியிலும் 'அவன் மனைவி' வருகிறாள். ஆனால் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஹீரோ என்னும் அவள் மகள் மணமேடையிலே பழிசுமத்தப்பட்டு மயங்கி விழுகிறாள்; அப்போது தாயைப் பற்றிய பேச்சே இல்லை. பேசாதவள் எதற்கு என்று, 1733இல் தியோபால்டு என்னும் பதிப்பாசிரியர் அவளை நீக்கிவிட்டார். பின்வந்த பதிப்பாசிரியர் பெரும்பாலோரும் அவர் வழியே சென்றனர்.

அவர் கை அத்துடன் நிற்கவில்லை. நாடக முடிவில், வாயாடிப் பெண் பியாட்ரிஸ் காதலன் பெனடிக்கோடு சொற்போரிடுகையில், அவள் வாயை அடைக்கப்போவதாக ஒரு குரல் எழுகிறது. 1600ஆம் ஆண்டுப் பதிப்பும் சரி, 1623ஆம் ஆண்டுத் தொகுப்பும் சரி, அப்பேச்சை அவள் சிற்றப்பன் லியனாட்டோவுக்கே தருகின்றன. தியோபால்டோ அதைப் பெனடிக்குக்கு மாற்றினார். முத்தமிட்டு வாயடைக்கும் காட்சி அதனால் வாய்த்தது. நடிகர்களுக்கும் அது மிகப் பிடித்துப்போயிற்று.

காதலன் வாயடைப்பது வேறு. குடும்பத் தலைவன் வாயடைப்பது வேறு. பெண்ணைப் பெனடிக்கின் பக்கம் தள்ளி, 'போதும், மணந்துகொள்' என்று முதியவன் சொல்வதாகக் கொண்டாலும் காட்சி இடறவில்லை. இரண்டு பழைய பதிப்புகளும் ஒருமுகமாகச் சொல்லும் பெயரை மாற்ற முத்தம் ஒன்றே போதிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வரியை நான் லியனாட்டோவிடமே திருப்பிக் கொடுப்பேன்.